பஸ் ஜன்னலில் சொன்ன பதில்

கிரிவா லிபா, விதின் மாவட்டம்
12 நவம்பர் 2023

அன்புத் தங்கச்சி ருமியானாவுக்கு,

முழங்காலையும் காதையும் விட்டுவிட்டால் அண்ணன் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்ளும் இரிதே அம்மாள் இன்னும் உன்னைச் செத்துப்போன மகளின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாளா?

இங்கே உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. வழக்கம்போல என்னைப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார வைத்தார்கள். டயர் ஆலை செவிடாக்கி அனுப்பிய ஆளுக்கு ஏற்ற வேலை. அடையாள அட்டையைப் பார்த்து, பட்டியலில் பெயரைத் தேடி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினால் போதும். பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு பெயர், வந்தவர்கள் நாற்பத்தொன்று. மற்றவர்கள் ஸ்பெயினில் ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறார்கள், ஜெர்மனியில் பெட்டி அடுக்குகிறார்கள், உன்னைப்போல இத்தாலியில் கிழவிகளைக் குளிப்பாட்டுகிறார்கள். நீ போய்ப் பதினோரு வருடமாகிறது. உன் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டைச் சுற்றியுள்ள வயலையெல்லாம் சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. அவர்கள் ஆள் ப்ளாமென் என்று ஒருவன், பளபளக்கும் ஷூ போட்டுக்கொண்டு சேற்றில் வந்தான். என் காதில் வாயை வைத்து, "மாமா, மூணு பக்கமும் வாங்கியாச்சு. நடுவுல உங்க வீடு மட்டும் ஒத்தப் பல்லு மாதிரி நிக்குது" என்று கத்தினான். அவர்களுக்கு வீடு வேண்டாம், இடம்தான் வேண்டும். இடித்துவிடுவார்கள்.

வீடு நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. அப்பாவின் வயலை விற்றபோது நீ தூதரகத்தில் எழுதி அனுப்பிய பவர் பத்திரம் என்னிடம்தான் இருக்கிறது. நான் ஒருவனே கையெழுத்துப் போட்டாலும் செல்லும். ஆனால் உன்னைக் கேட்காமல் போடமாட்டேன். நீ திரும்பி வருவதாக இருந்தால் வீடு நிற்கட்டும்; நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். வரமாட்டாய் என்றால் நான் விதினில் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவேன், பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒரே வார்த்தை எழுது. வருவாயா?

அண்ணன்
வெனெலின்

*

மோதெனா
9 டிசம்பர் 2023

அன்பு அண்ணா,

உன் கடிதம் மூன்று வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. முதுகு வலிக்கிறது, ஆனால் பழகிவிட்டது. காதுக்கு அந்த மெஷினை வைத்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது? பெட்டியிலேயே வைத்திருந்தால் பெட்டிக்குத்தான் காது கேட்கும்.

நீ அனுப்பிய மிளகாய்த் தொக்கு ஜாடியில் ஒன்று பார்சல் வண்டியிலேயே உடைந்து, பிரித்ததும் என் புது ஸ்வெட்டரெல்லாம் சிவப்பு. மிச்சத்தை இரிதே அம்மாளுக்கு ரொட்டியில் தடவிக் கொடுத்தேன். "காரம்" என்று கண்ணீர் விட்டுக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டாள்.

அவள் மகன் ஃபவுஸ்தோவுக்குத்தான் நேரம் சரியில்லை. போர் வந்ததிலிருந்து எரிவாயு விலை ஏறி, அவன் ஓடு சுடும் ஆலையில் சூளையை வாரத்துக்கு மூன்று நாள்தான் எரிக்கிறார்கள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கி வருவான், இப்போது கையை வீசிக்கொண்டு வந்து சமையலறையில் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறான்.

நீ கேட்டதைப் பற்றி ஈஸ்டருக்கு வரும்போது நேரில் பேசலாம். கடிதத்தில் பேசுகிற விஷயமா அது? விறகு போதுமான அளவு வாங்கி வைத்தாயா, இல்லை போன வருடம் மாதிரி நாற்காலியை உடைத்து எரிக்கப்போகிறாயா?

தங்கை
ருமியானா

*

கிரிவா லிபா
22 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் அவ்வளவு நலமாக இல்லை. பனியில் வழுக்கிக் கிணற்றடியில் விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல் ஒரு மணி நேரம் கிடந்தேன். கத்தினேனா என்று எனக்கே தெரியாது. கத்தியிருந்தாலும் கேட்க யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டு திமித்ரினாவும் இடத்தைக் கொடுத்துவிட்டு மகனோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். கடைசியில் தபால்காரி ஸோன்காதான் வந்து தூக்கினாள். அவளும் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறாள். நான் விழுந்தது நல்லவேளையாக அவள் வரும் நாள்.

ஊரில் ஒரு புதுமை. ஐரோப்பியப் பணத்தில் பஸ் நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிச் சுவர், மர பெஞ்சு, நட்சத்திரம் போட்ட நீலப் பலகை எல்லாம் உண்டு. திறப்பு விழா முடிந்து எட்டாவது நாள் ஆள் இல்லை என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நான் தினமும் போய் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருகிறேன். காற்று அடிப்பதில்லை, நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

ப்ளாமென் மூன்றாவது தடவை வந்தான். மே மாதக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பார்களாம். அதற்குப் பிறகு நம் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றி வேலி போட்டுவிடுவார்கள், அப்புறம் அந்த வீட்டை யாரும் சீந்தமாட்டார்கள். எனக்கு வீட்டைக் கொடுக்க ஆசையில்லை, ருமி. தனியாக இருக்கத்தான் பயமாக இருக்கிறது. நீ வருவதாக இருந்தால் வேலிக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகிறேன். நேரில் பேசலாம் என்கிறாய். அதுவரைக்கும் நான் எதை நினைத்துக்கொண்டு இருப்பது?

வெனெலின்

*

மோதெனா
3 மார்ச் 2024

அன்பு அண்ணா,

நீ விழுந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஷூவுக்கு மேலே பழைய சாக்ஸைப் போட்டுக்கொண்டு நட, வழுக்காது.

மார்ச் முதல் தேதி சிவப்பும் வெள்ளையுமாக நூல் திரித்து உனக்கும் ஒன்று இதில் வைத்திருக்கிறேன், மணிக்கட்டில் கட்டிக்கொள். இரிதே அம்மாளுக்கும் கட்டிவிட்டேன். "எப்ப அவுக்கணும்?" என்றாள். முதல் நாரையைப் பார்த்த அன்றைக்கு என்றேன். அதிலிருந்து சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கமே திருப்பிப் போடச் சொல்கிறாள்.

போன ஞாயிறு ஃபவுஸ்தோ வந்து, அறை அறையாக டேப் பிடித்து அளந்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். நல்ல பையன்தான்.

வியாழக்கிழமை மதியம் எனக்கு விடுமுறை. ரயில் நிலையத்துப் பூங்காவில் நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூடுவோம். எல்லாரும் அடுத்த வருடம் ஊருக்குப் போவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எட்டு வருடமாக அதையேதான் பேசுகிறார்கள்.

ஈஸ்டருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மூன்று நாள்தான், அதற்கு மேல் விடமாட்டார்கள்.

ருமியானா

*

கிரிவா லிபா
10 ஏப்ரல் 2024

ருமி,

சுகம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன்.

அரசாங்கம் மறுபடியும் விழுந்துவிட்டது. ஜூன் ஒன்பதாம் தேதி மறுபடியும் தேர்தல், மூன்று வருடத்தில் ஆறாவது. இந்தத் தடவை ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் சேர்த்து. ஸோன்கா சொல்கிறாள், "வெனெலின் அண்ணே, அந்த மேசையை எதுக்குத் தூக்கி உள்ளே வைக்கிறீங்க, அங்கேயே கெடக்கட்டும்" என்று.

ஐந்து மாதமாக ஒரு கேள்வி கேட்கிறேன். நீ ஸ்வெட்டரைப் பற்றியும் நாரையைப் பற்றியும் எழுதுகிறாய். பதில் எழுதாததுதான் பதிலா? ஈஸ்டருக்கு வந்து நேராகச் சொல்லிவிடு. எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். காத்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வெனெலின்

*

மோதெனா
11 மே 2024

என் அன்பு அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது, ஆனால் மனசு லேசாக இருக்கிறது.

மூன்று நாளும் நான் வாயைத் திறக்காததற்கு உனக்குக் கோபம் இருந்திருக்கும். சாயம் பூசிய ஈஸ்டர் முட்டையை மோதி உடைத்து விளையாடினோம், ஆட்டுக்கறி சாப்பிட்டோம், அம்மா அப்பா கல்லறைக்குப் போனோம். ஒவ்வொரு தடவையும் சொல்ல வந்து விழுங்கினேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். இரிதே அம்மாளைச் செப்டம்பரில் முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறார்கள், ஆலை மூடப்போகிறது, வீட்டை விற்கிறார்கள். எனக்கு வேலையும் இல்லை, கூரையும் இல்லை. அதனால்தான் வருகிறேன் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் துரத்தாவிட்டாலும் வந்திருப்பேன், அண்ணா. நீ கிணற்றடியில் கிடந்த கடிதத்தைப் படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நல்லவேளையாகக் கடைசியில் விதின் பஸ் நிலையத்தில், பஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று நீயே கேட்டாய். கதவைச் சாத்திவிட்டார்கள், கண்ணாடி வழியாக உன் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. "நிரந்தரமா வந்துடுவியா?" என்றுதானே கேட்டாய்? நானும் பதில் சொல்லிவிட்டேன். பதினோரு வருடத்தில் அன்றைக்குத்தான் பஸ்ஸில் அழாமல் வந்தேன்.

சமையலறைக்கு வெள்ளை அடித்து வை. தெற்கு அறையில் என் கட்டிலைப் போடு. அக்டோபர் முதல் வாரம் வந்துவிடுவேன்.

உன் தங்கை
ருமியானா

*

கிரிவா லிபா
16 மே 2024

ருமி,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய்.

பஸ் ஜன்னலில் நீ சொன்னது எனக்குப் புரிந்தது. உன்மேல் குறை ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியதை நேற்று விதினுக்குப் போய்ச் செய்துவிட்டேன். இனி இதைப் பற்றிக் கடிதத்தில் பேச வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெனெலின்

*

மோதெனா
14 ஜூன் 2024

அன்பு அண்ணா,

உன் கடிதம் வந்தது. எப்போதும்போல முசுட்டுத்தனமாக எழுதியிருந்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விதினுக்கு நேரே போய் அந்த ப்ளாமெனிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாய், இல்லையா? அவன் முகம் போன போக்கைப் பார்க்க நான் இல்லாமல் போனேனே.

பூங்காவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சிலருக்குப் பொறாமை. "அங்கே போய் என்னடி செய்வே, ஆளே இல்லாத ஊர்ல?" என்கிறார்கள். எங்க அண்ணன் இருக்கான் என்றேன்.

இரிதே அம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. மணிக்கட்டில் நூலை அவிழ்க்க விடாமல் உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஊரில் நாரை எங்கே வரப்போகிறது?

ஜன்னலுக்குத் துணி எடுத்திருக்கிறேன். தெற்கு அறை ஜன்னலின் அளவை உடனே எழுதி அனுப்பு.

ருமியானா

*

மோதெனா
20 ஜூலை 2024

அண்ணா,

ஏன் கடிதமே இல்லை? உடம்பு சரியில்லையா? மறுபடி விழுந்தாயா? ஸோன்கா கையால் இரண்டு வரியாவது எழுதச் சொல். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ருமி

*

கிரிவா லிபா
18 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சி ருமியானாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ பயந்துபோய் எழுதியிருந்ததைப் படித்தும் இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு என்னை மன்னித்துவிடு.

வீடு போய்விட்டது. மே பதினைந்தாம் தேதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். உன் மே மாதக் கடிதம் என் கைக்கு வந்தது ஜூன் நான்காம் தேதி. வெள்ளை அடித்து வை என்ற இடம் வரைக்கும் படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளே ப்ளாமெனிடம் போய்க் கெஞ்சினேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான். "மாமா, கையெழுத்து போட்டாப் போட்டதுதான். என் கையில ஒண்ணும் இல்ல" என்று எழுதிக் காட்டினான்.

நீ பஸ் ஜன்னலில் தலையை மேலும் கீழும் அசைத்தாய், ருமி. இரண்டு தடவை அசைத்தாய். நம் ஊரில் மேலும் கீழும் அசைத்தால் இல்லை, பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம் என்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு விதினுக்குப் போனேன்.

அக்டோபர் முப்பத்தொன்று வரை இங்கே இருக்கலாம். நவம்பரில் இடிக்கிறார்கள். ஜன்னல் அளவு கேட்டிருந்தாய். நான் அளக்கவில்லை.

வெனெலின்

*

மோதெனா
8 செப்டம்பர் 2024

அண்ணா,

நலம் விசாரிக்க மனசு வரவில்லை.

வந்த புதிதில் இரிதே அம்மாள் "சூப் வேணுமா?" என்று கேட்பாள். நான் நம் வழக்கப்படி பக்கவாட்டில் தலையை ஆட்டுவேன். வேண்டாமென்கிறாள் என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மொழி தெரியாது, கேட்க வெட்கம், நான்கு நாள் வெறும் ரொட்டியைத் தின்றேன். அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைப் பழக்கினேன். ஆமாம் என்றால் மேலும் கீழும். வாய்க்கு இரண்டு மொழி பேச வந்துவிட்டது, அண்ணா, கழுத்துக்கு ஒன்றுதான் வருகிறது. அன்றைக்கு நான் யோசித்துத் தலையசைக்கவில்லை. சந்தோஷத்தில் அசைத்தேன்.

நான் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

இரிதே அம்மாளை நேற்று இல்லத்தில் விட்டோம். என் கையை விடவில்லை. ஃபவுஸ்தோதான் விரல் விரலாகப் பிரித்தான். ஊருக்கு எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி எந்த வீட்டுக்கு வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

ருமியானா

*

கிரிவா லிபா
30 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீ எங்கே தூங்குகிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று தெரியாமல் இதைப் பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன். நாளைக்கு ஸோன்காவின் கணவன் என்னை வண்டியில் ஏற்றி விதினில் இறக்கிவிடுவான். இல்லத்தில் என் அறையில் இன்னொருவர் இருக்கிறார், அவருக்கும் காது கேட்காதாம். நல்ல ஜோடி.

போன ஞாயிறு ஏழாவது தேர்தலும் முடிந்தது. இருபத்தாறு பேர் வந்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரே களைப்பு. யாருக்கு ஓட்டு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று வந்தவர்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன் என்பது நெஞ்சில் உறுத்தியது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஜன்னலில் தலையசைத்தபோது நீ சிரித்துக்கொண்டிருந்தாய். வரமாட்டேன் என்று சொல்கிறவள் அண்ணனைப் பார்த்து அப்படிச் சிரிக்கமாட்டாள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. பஸ்ஸும் உடனே கிளம்பவில்லை. டிரைவர் கீழே இறங்கி ஒரு சிகரெட் முழுதும் பிடித்தான். கண்ணாடியைத் தட்டி இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எனக்கு அலுத்துப்போயிருந்தது, ருமி. ஆமாம் என்று நீ சொன்னால் மறுபடியும் காத்திருக்க வேண்டும், விறகு வாங்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் வருவாளா மாட்டாளா என்று தபால்காரி முகத்தைப் பார்க்க வேண்டும். இல்லை என்றால் அன்றோடு முடிந்துவிடும். உன் கழுத்து தப்பாக அசைந்ததால் வீடு போகவில்லை. எனக்கு வசதியான பதிலை நான் எடுத்துக்கொண்டேன்.

திட்டுவதாக இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. இல்லத்தின் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அண்ணன்
வெனெலின்

*

பெர்ராரா
24 நவம்பர் 2024

அண்ணா,

உன் கடிதத்தை ஃபவுஸ்தோ கொண்டுவந்து கொடுத்தான். ஒன்பது நாள் உன்னைத் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். நீ கேட்டிருந்தால் காது கூசியிருக்கும், நல்லவேளை நீ செவிடு. இன்றைக்குத்தான் பேனாவை எடுக்க முடிந்தது. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

இங்கே நான் பார்த்துக்கொள்வது, ஓய்வு பெற்ற ரயில் டிரைவர் தாத்தா ஒருவரை, எண்பத்தெட்டு வயது. எங்களையெல்லாம் நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்கிற கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவாராம், வந்த அன்றே சொல்லிவிட்டார். ஆனால் நான் ஊட்டினால்தான் சாப்பிடுகிறார். இரண்டு வருடம் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஆறு மாதம் நீ கேட்டாய், நான் ஒரு வரி எழுதவில்லை. என் கௌரவம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வருகிறேன் என்று மார்ச்சிலேயே எழுதியிருந்தால் நீ கண்ணாடியைத் தட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது. உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கும் தெம்பில்லை.

அங்கே அறையைச் சூடாக வைத்திருக்கிறார்களா? உன் அறைக்காரர் நல்லவரா? சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா? எல்லாவற்றையும் எழுது.

இன்னொன்று. எப்போது வருவாய் என்று கேட்பதை விட்டுவிடாதே. வீடு இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு கடிதத்திலும் கேள். அதைக் கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

தங்கை
ருமியானா